அரை இஞ்ச் பைப்

போன வாரம் தேனியில் ஒரு ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் இரும்புப் பைப்பை எனக்காக அறுத்தார்கள். சூடேறிய இரும்பின் வாடை மூக்கில் ஏறியதும் பைப்பே வேண்டாமென்று வந்துவிட்டேன். கடைக்காரர் திட்டியிருப்பார், திட்டட்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நான் ஒரு துப்பாக்கி செய்தேன். சுடாத துப்பாக்கி. நிஜ ரைஃபிள் எங்கள் கைக்கு வருவது வருடத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஐந்து குண்டு. அதில் எங்கே குறி பழகுவது, நீங்களே சொல்லுங்கள். சில்வர் ஓக் கட்டையில் உடல், சைக்கிள் பிரேக் பிடியில் விசை, குழலுக்குள் திருவிழாக் கடையில் வாங்கிய லேசர் விளக்கு. விசையை வெடுக்கென்று இழுத்தால் சுவரில் சிவப்புப் புள்ளி துள்ளும். மூச்சடக்கி மெல்ல அழுத்தினால் அசையாது நிற்கும். அந்தப் பெருமையில் இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதில் என்னைவிட நன்றாகப் பழகியவன் என் வகுப்புத் தோழன் செல்வம், மயிலாடும்பாறைக்காரன். போலீஸ் வேலை ஒன்றுதான் அவன் நினைப்பு. குழல் முதலில் மரம்தான். எடை போதவில்லையென்று நான்தான் இரும்புப் பைப்பை மாட்டினேன்.

"ஏலே, கட்டையே போதும்லே. இதத் தூக்கிட்டுப் போனா வேட்டைக்குப் போறேன்னுல்ல நெனப்பாக" என்றான்.

"நெசத் துப்பாக்கியப் பஞ்சுலயாடா செஞ்சிருக்காக?" என்றேன்.

விடுமுறையில் பழக அதைச் சாக்கில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போனான். வழியில் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். மலையடிவாரத்தில் பைப்பும் கட்டையும் சேர்ந்தால் அதற்கு நாட்டுத் துப்பாக்கி என்றுதான் பெயர். பாவம், லேசரை அடித்துக் காட்டியிருக்கிறான். "இருட்டுல மானத் தேடவாடா?" என்றார்களாம்.

அவனைப் பிடித்துவைத்த சேதி கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். கிளம்பியவனை என்.சி.சி. ஆசிரியர் நிறுத்தினார். "அங்கன போகாத. ஒன் பேரும் கேஸ்ல ஏறிரும். ஒங்க வீட்ல மொதப் பட்டதாரிடா நீ." நின்றுவிட்டேன். உண்மையில், யாராவது நிறுத்த மாட்டார்களா என்றுதான் அத்தனை மெதுவாக நடந்துகொண்டிருந்தேன்.

யார் செய்தது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கேட்ட விதம் ஒரு மாதம்வரை அவன் நடையில் தெரிந்தது. "நாந்தான்" என்றே சொல்லியிருக்கிறான். வழக்கு அவன் ஒருவன் பேரில் பதிவானது.

வழக்கு தள்ளுபடியானபோது போலீஸ் தேர்வுக்கான வயதைக் கடந்திருந்தான். இப்போது கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். பழைய நம்பரில் அவன் இல்லை. நாங்கள் குறி பழகிய சுவரும் இல்லை. அங்கே பைக் ஷெட் வந்துவிட்டது.

நான் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். சேர்ந்த அன்று ஒரு படிவம் தந்தார்கள். உங்கள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.