ஐஸ் பெட்டியில் என் ரத்தமும்

அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன்னால் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்து வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கப் போகிறது, ரத்தம் எடுக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் இருவர் தேவை என்று அங்கே ரிப்போர்ட் வாங்க வந்த ஒருவர் சொன்னார். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, ஆனாலும் வெயிலில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதில் சிறுநீரகம் ஏன் சுருங்கிப் போகிறது என்பதுதான் ஆய்வு. மறுநாளே விண்ணப்பித்தேன். கணவரிடம்கூட அதற்கப்புறம்தான் சொன்னேன்.

காரணம் என் அப்பா. அவர் பட்டு நெசவு செய்தவர். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் தறியை விட்டு எழுந்தவருக்குச் செருப்பு நுழையவில்லை, கால் அப்படி வீங்கியிருந்தது. பத்து நாளில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். ஃபைலில் காரணம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ், மூன்று வருஷம். மாற்றுச் சிறுநீரகம் கொடுக்க அம்மாவின் ரத்த வகை பொருந்தவில்லை. நான் தருகிறேன் என்று சொன்ன அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “உன் கிட்னிய வச்சுக்கினு நான் தறியில உக்காந்தா, ஒவ்வொரு தடவ கால் மிதிக்கும்போதும் உன் ஞாபகம்தான் வரும். வேணாம்மா.” அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் அவர் போய்விட்டார்.

பயிற்சி ஐந்து நாள். ஆய்வை நடத்திய பெண் டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். வேகமாகப் பேசுவார், ஆனால் எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்க மாட்டார். என்னுடன் சேர்ந்த இன்னொரு பெண் திருப்பருத்திக்குன்றத்துக்காரி, சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் நாலரை மணியிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். மூன்றாம் நாள், கிராமத்துக்குப் போவதற்கு முன் எங்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் நாங்களே எடுத்துப் பழகச் சொன்னார்கள்.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டை ஒன்று உண்டு. புரதம் போகவில்லை என்றால் அதிலிருக்கும் கட்டம் மஞ்சளாகவே இருக்கும். போனால் பச்சையாகும். அவளுடையது மஞ்சள். என்னுடையதை நனைத்து, ஒரு நிமிஷம் எண்ணிவிட்டுப் பார்த்தேன். பச்சை. லேசான பச்சை இல்லை, வேப்பிலைப் பச்சை.

“இன்னாக்கா, எனுக்கு மட்டும் கலர் மாறவே இல்ல?” என்று எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பட்டை பழசுபோல இருக்குது” என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பயிற்சிக்கு ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். எல்லாம் ஒரே ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது. இரண்டு நாள் கழித்து என் எண்ணுக்கு நேராக வந்த கிரியாட்டினின், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு, இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. டாக்டர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அது பயிற்சிக்கானது என்பதால் யாரும் பார்க்கவில்லை. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பேன். வெளியே மகள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருப்பாள். தினமும் பச்சை. செருப்பு போடும்போது கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன், குழி விழுகிறதா என்று. கணவர் ஒரு ஜரிகைக் கடையில் வேலை பார்க்கிறார், மென்மையான மனிதர். அவரிடம் சொல்ல வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடந்த அப்பாவின் மஞ்சள் பூத்த முகம் வந்து நின்றது. நோய் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு பயம். எனக்கு எல்லாப் படியும் தெரியும். முதலில் சாப்பாட்டில் உப்பு போகும், பிறகு குடிக்கும் தண்ணீர் அளவாகும், பிறகு வாயில் இரும்புச் சுவை, பிறகு அந்த நாற்காலி.

இந்த நிலையில்தான் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினோம். இரண்டாம் மாதம், மாகறலைத் தாண்டி ஓர் ஊர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் நாற்காலி போட்டோம். நான் ஒப்புதல் படிவத்தைச் சத்தமாகப் படித்தேன். ‘உங்கள் ரத்தத்திலிருந்து பத்து மில்லி எடுத்துக்கொள்வோம். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.’ பாதி படிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கிட்னி டெஸ்ட்டுன்னு சொல்லி பாத்து வச்சுக்கினு, அப்பால ஆள தூக்கிக்கினு போறாங்களாமே? போன்ல வந்துச்சு.”

ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் என் அடையாள அட்டையைப் பிடுங்கிப் படம் எடுத்தார். இன்னொருவர் ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளி, “தொற, உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கணும்” என்றார். என் கூட்டாளி அழத் தொடங்கினாள். ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. எங்கோ ஓர் ஊரில் இப்படிச் சந்தேகப்பட்டு அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கட்டிகளும் காலிக் குழாய்களும்தான் இருந்தன. ஆனாலும் யாரும் விலகவில்லை.

அப்போது ஓர் அம்மாள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கரும்பு வெட்டுக்குப் போகிறவர், முழங்கை வரை பழைய சட்டைத் துணி சுற்றியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்துக் கையை நீட்டினார்.

“எனுக்கு எடும்மா. ரத்தம்தானே. நாலு பேரு பாக்க எடு, இன்னா பண்றேன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஊசி குத்தியதில்லை. அவருக்குப் பின் இருவர் வந்தார்கள், அப்புறம் வரிசையாக நின்றார்கள். அன்று பதினேழு பேரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த வாரம் முடிவுகள் வந்தன. பதினேழில் ஒரே ஒரு தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. கரும்பு வெட்டும் அந்த அக்காவுடையது. அப்பாவுக்கு முதல் நாள் வந்த அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். வயல் ஓரத்தில் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் தூக்குச்சட்டியை மூடி வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார்.

“இடுப்பு வலிக்கு தெனிக்கும் மாத்திரை போடுவேன். அதனாலயா?”

“அதுவும் இருக்கலாம். வெயிலு, தண்ணி குடிக்காம வேலை செய்யறது, இன்னும் என்னென்னவோ. அதத்தான் தேடிக்கினு இருக்காங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாகணும்க்கா.”

“போனா மிஷின்ல போடுவாங்க. எங்க ஊர்ல ரெண்டு பேர போட்டாங்க. ரெண்டு பேரும் இல்ல.” கையைக் கழுவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவ்ளோ சொல்றியே, நீ உன்னுத பாத்துக்கினியாம்மா?”

எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான் அது. வழக்கமாகச் சிரித்துவிட்டு, பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்பேன். அன்று அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

“எனக்கும் கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்குதுக்கா. எங்கப்பாவும் இதுலதான் போனாரு. யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட.”

அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் தோளைப் பிடித்தார்.

“சரி, நீ வா, நானும் வரேன். ஒருத்தருக்கொருத்தர் தொணை. எந்தக் கெயமை?”

திங்கட்கிழமை என்றேன். அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “இத்தன நாளா பாத்ரூம்ல லேட்டாவுதே, இதுக்குத்தானா?” அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை நானும் கணவரும் அக்காவும் பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். ஸ்கேனில் அக்காவின் சிறுநீரகங்கள் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தன. ஊசிபோட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கக்கூட வழியில்லை, டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். எனக்கு அந்தத் துணுக்குச் சோதனை, பயாப்ஸி. என் தாளைப் பார்த்துவிட்டு, “இந்தத் தேதியிலிருந்து தெரியுமா உங்களுக்கு? என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அது உண்மையில் கால்வாசிதான்.

பயாப்ஸி அறையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வயிற்றுக்கடியில் தலையணை. மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம் முதுகுக்குள்ளிருந்தே வருவதுபோல் வந்தது. மறுபடியும் ஒரு முறை. அன்று சிறுநீர் சிவப்பாக வந்தது. இது சகஜம் என்றார் நர்ஸ்; ரத்தம் எடுத்த இடம் கன்றினால் நானும் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன். என் விஷயத்தில் அந்த வார்த்தைக்கு எந்த அர்த்தமும் இருக்கவில்லை. படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகள் எந்த வகுப்பு வரும்வரை நான் இருப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிவு வர எட்டு நாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறிச் சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிகிற நோயாம். ஆரம்ப நிலை. மாத்திரை உண்டு, உப்பைக் குறைக்க வேண்டும். பல வருஷம் இப்படியே நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

“எங்கப்பாவுக்கும் இதேதானா மேடம்?”

“அப்போது யாரும் பயாப்ஸி எடுக்கவில்லையே. இனி தெரிந்துகொள்ள வழியில்லை” என்றார். பிறகு, தயங்கிக்கொண்டே, என்னைப் போன்றவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடரும் இன்னோர் ஆய்வும் அங்கே நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்று படிவத்தை நீட்டினார். நூற்றுக்கணக்கான முறை நான் வாய்விட்டுப் படித்ததைப் போன்ற படிவம். அதைக் கையில் வாங்கியதும் கிராமத்தார் கேட்ட கேள்விகளையே நானும் கேட்டேன். என் ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? என் பெயர் யாருக்குத் தெரியும்? எனக்கு இதனால் என்ன நன்மை? கடைசிக் கேள்விக்கு அவர், “உங்களுக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கலாம்” என்றார். ‘அப்பா’ என்று மனதில் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. அவருடைய ஒரே மகனைச் சோதித்ததில் அவனுக்கும் புரதம் போய்க்கொண்டிருந்தது, அதனால் அவனிடமிருந்து எடுக்க முடியாது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. இரண்டாவது தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தார்.

போன பங்குனியில் ஒரு காலை என் போன் அடித்தது. ஒரு சிறுநீரகம் வருகிறது, அவர் இரண்டாவது ஆள், முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் இவருக்கு, சாப்பிடாமல் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். என் கணவர் கடையில் கேட்டு ஒரு கார் கொண்டுவந்தார். வழி முழுக்க அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது மட்டும் கேட்டார்: “அது யாருதும்மா? ஆம்பளையா, பொம்பளையா?”

“சொல்ல மாட்டாங்கக்கா.”

“செத்தவங்க வூட்ல இப்ப அழுதுக்கினு இருப்பாங்க இல்ல?”

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் ஓர் இளைஞன் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் முதல் ஆள் என்று எங்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அவன் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பொருந்தக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதும், அந்த அம்மா முந்தானையால் அவன் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். அவனுக்குப் பொருந்திவிட்டது. அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, மெதுவாக எழுந்து அந்த அம்மாவிடம் போய், “நல்லா இருப்பான்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பும்போது காரை நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தேன். மூன்று இட்லி சாப்பிட்டார். அவர் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்து மாதக்கணக்காகிறது.

“ஒண்ணு சொல்லட்டாம்மா, யார்கிட்டயும் சொல்லிடாத. இல்லன்னு சொன்னாரு பாரு, அப்ப எனுக்கு உசுரே வந்துச்சு. காலைலருந்து அவ்ளோ பயம். கத்தி வைக்கப் போறாங்கன்னு.”

“அப்ப, அடுத்த தடவ கூப்ட்டா?”

கையிலிருந்த இட்லித் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வருவேன். பயந்துக்கினே வருவேன்.”

அவர் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. நான் இப்போதும் அதே ஜீப்பில் கிராமங்களுக்குப் போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ரத்தத்தையும் கொடுக்கிறேன். அளவு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. முடிவு வரும் நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அன்று சமையல் கணவருடையது, உப்பில்லாமல். போன் எப்போது அடித்தாலும், எண்ணைப் பார்ப்பதற்குள் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது.