கைவிட்டு நடந்த ஜெபம்

நடந்தவை வரிசையாக:

1. பெருநாள் விடுமுறையில், அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலிருந்து எங்கள் ஜெபக்குழுவினர் எட்டுப் பேர் பனி பார்க்க ஜார்ஜியா போனோம்.
2. முந்தின நாள் முழுக்கக் காற்றோடு பனி கொட்டியிருந்தது.
3. வேன் டிரைவர், கல்ஃப் பயணிகளிடம் கற்ற அரபியில், "மாஃபி முஷ்கில்", ஒரு பிரச்சினையும் இல்லை, என்றார். ஆனால் அவர் வேனை விட்டு இறங்கவில்லை.
4. குழுவை நடத்தும் செல்வன் அண்ணன், செங்குத்தான ஒரு சரிவின் அடிக்கு எங்களைக் கூட்டிப்போய், கைகோத்து வட்டமாக நிற்கச் சொன்னார். எங்கே போனாலும் அப்படித்தான் ஜெபிப்போம்.
5. காலடியில் 'தொம்' என்று சத்தம். பனி லேசாக உள்ளே இறங்கியது.

நான் குவாரியில் பாறைச் சரிவுகளைச் சோதிக்கும் இன்ஜினியர். பனி எனக்குப் புதிது. ஆனால் புதுப் பாரம் ஏறிய சரிவு இப்படிச் சத்தம் போட்டால் அதன் கீழே நான் நிற்கமாட்டேன். சொன்னேன்.

"குவாரியில கல்லப் பாத்துப் பாத்து ஷீபாவுக்கு எல்லாமே விழப்போற மாதிரி தோணுது," என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சந்தேகம் விசுவாசக் குறைவு என்றும் சொன்னார். அது குத்தியது. என் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் கண்ணை மூடவில்லை. சரிவைப் பார்த்தபடியே கேட்டேன்: ஆண்டவரே, இவர் என் பேச்சைக் கேட்கட்டும். மலையை நிறுத்துவதைவிட அது கடினமாகத் தெரிந்தது. அண்ணன் யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜெபத்தைத் தொடங்கிய அண்ணன் பாதியில் நிறுத்தினார். வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் ஏன் பிள்ளே எறங்கல?"

நான் சரிவைக் கைகாட்டினேன்.

"சரி. என்ன செய்யணும், சொல்லு."

கையை விடச் சொன்னேன். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, சாலைக்கு நடந்தோம். அண்ணன் கடைசியாக வந்தார். அவர் வேனில் ஏறும்போது சரிவின் மேலே குறுக்காக ஒரு கோடு விழுந்தது. பிறகு பனி மொத்தமும் பலகைபோல் பெயர்ந்து இறங்கி, சாலைக்குச் சற்று முன்னால் நின்றது. எங்கள் கால்தடம் ஒன்றுகூட இல்லை. டிரைவர் சிலுவை போட்டுக்கொண்டார். தெரிந்தே அனுப்பினாரா? இன்றும் எனக்குத் தெரியாது.

சந்தேகிக்காத ஒரு மனிதருக்கு, அந்த நேரத்தில் தேவன் சந்தேகத்தைக் கொடுத்தார். எட்டு உயிருக்காக அவரைத் துதிக்கிறேன். உங்களுக்கும் மனதில் ஏதாவது உறுத்தினால், ஜெபத்தால் அதை அமுக்காதீர்கள். அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது எட்டுப் பேரும் சுகம். இங்கே வாதி என்னும் வறண்ட மலை ஓடைகளுக்குச் சுற்றுலா போகுமுன் அண்ணன் என்னிடம் கேட்கிறார். போன முறை, மழை வரலாம், வெள்ளம் பாயும், வேண்டாம் என்றேன். போகவில்லை. மழையும் வரவில்லை. அண்ணன் அதை வைத்து என்னைக் கேலி செய்யவில்லை.