முதல் வாய் அவளுக்கு

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்திருந்த வருடம் அது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே, களுதாவளைக்குக் கிட்ட எங்கள் வீடு. ஒருநாள் காலை, கிணற்றடிக்குப் பின்னால் குனிந்து நின்ற என்னை அக்கா கண்டுவிட்டாள்.

அதுவரை யாரும் கண்டதில்லை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சாப்பிட்டதை வயிற்றில் தங்கவிடாமல் வாந்தியாக வெளியேற்றிக்கொண்டே பல வருடங்கள் வாழ்ந்திருந்தேன். ஒரு கல்யாணப் படத்தில் என்னைப் பார்த்து யாரோ சிரித்ததில்தான் அது தொடங்கியது என்று நினைத்திருந்தேன். இப்போது அதையும் முழுதாக நம்புவதில்லை. சோற்றைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். படபடப்புக்கு ஒரு டொக்டர் குளிசை எழுதித் தந்தார். பிறகு அது இல்லாமல் நித்திரை இல்லை. பிறகு வேறு வேறு மருந்துக்கடைகளில், வேறு வேறு பொய்களோடு அதே குளிசை. குளிசை தெளிகிற காலைகளில் எழும்ப மனம் வராது. ஓட்டு இடுக்கால் வந்த வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்தபடி கிடப்பேன். அது நகர்வதுகூட எனக்கு அலுப்பாக இருக்கும்.

இப்படி வாழ்கிறவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வரும். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கணவர் ஏன் திரும்பினார்? மகள் ஏன் என் தட்டையே பார்க்கிறாள்? அக்கா ஏன் பின்வேலியால் வருகிறாள்?

அன்று அவள் அந்த வேலியால்தான் வந்தாள்.

"என்ன சாப்பிட்ட?"

"இடியப்பம்."

"ஆர்ர இடியப்பம்?"

சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இடியப்பம் அவித்து விற்கிறவள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். புருஷன் விட்டுப் போனபின் அந்த இடியப்ப உரலை நம்பியே மகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். என் பார்சலைத் தினமும் அவளே வாசலில் கொண்டுவந்து தருவாள்.

அக்காவின் கண் மாறியது. எங்கள் பக்கத்தில், ஆகாத ஒருத்தர் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து ஆளை உருக்குவதை 'மருந்து போட்டாச்சு' என்பார்கள். அந்த எண்ணம் அக்காவுக்குள் இறங்குவதை நான் நின்று பார்த்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. என்னை யாரும் சந்தேகிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாதையில் ஏற்றினார்கள். ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் சுமந்து வாவியைக் கடக்கிற தட்டைப் படகுக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். கொக்கட்டிச்சோலையும் தாண்டி, அறுவடை முடிந்த வயல்வட்டை நடுவே ஒரு வீடு. போட்ட மருந்தை எடுக்கிறவர் ஏதோ ஓர் இலைச்சாறு தந்தார். குடித்து வாந்தி எடுப்பது மற்றவர்களுக்குக் கஷ்டமாம், எனக்கா கஷ்டம்? பேசினுக்குள் கறுப்பாக ஒன்றைத் தடியால் கிளறிக் காட்டி, "பொம்புளதான். கிட்டத்தில இருக்கிறவ. கையால ஆக்கித் தந்திருக்கா" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். என் பழக்கம் அவருக்கும் விளங்கியதுபோல் இருந்தது.

திரும்பி வந்ததும் அக்கா வாயால் கதை பரவியது. மூன்றாம் நாளே தேத்தண்ணிக் கடைக்காரர் அவளிடம் இடியப்பம் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒழுங்கையில் ஒவ்வொரு வாசல் படலையாக அவளுக்குச் சாத்தப்பட்டது. அவள் நேரே என் படலைக்கு வந்தாள்.

"என்னகா, நான் உனக்கு மருந்து போட்டனாம்?"

கையிலிருந்த பார்சலை அங்கேயே பிரித்து, ஒழுங்கை முழுக்கப் பார்க்கத் தன் வாயில் திணித்து மென்றாள். அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்: "மருந்து போட்டவளுக்கு அது வேல செய்யாதுகா. அவ தின்னுவா."

அவள் அக்காவைப் பார்க்கவேயில்லை. "நீ சொல்லு. நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

நான் உள்ளே போய்க் குளிசை போட்டுப் படுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மறுநாள் விடிய என்னை எழுப்பியது ஒரு சத்தமின்மை. அவள் இடியப்பம் அவிக்கிற பானை மூடியின் தகரச் சத்தம்தான் பதினைந்து வருடமாக எங்கள் ஒழுங்கையை எழுப்பும். அன்று அது இல்லை. அதன் மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்காய் எனக்கு?" என்றாள், கதவைப் பாதி திறந்து.

அவளைக் கையில் பிடித்து இழுத்துவந்து, கணவர், மகள், அக்கா எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "நான்தான் அக்கா. நானேதான் தொண்டைக்குள்ள விரலப் போட்டுச் சத்தி எடுக்கிறன். கனகாலமா. இவ ஒண்டும் செய்யல்ல."

அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "பாத்தீங்களா? மருந்து எப்பிடிக் கதைக்க வைக்குதெண்டு!"

உண்மைக்கு அங்கே இடமே இல்லை. என் வாயை இனி யாரும் நம்பப் போவதில்லை. மிச்சம் இருந்தது வயிறு ஒன்றுதான். "இவட இடியப்பத்தத் தாங்க. தின்றிற்று சத்தி எடுக்காம ஒரு மணித்தியாலம் இதிலயே இருக்கிறன். எல்லாரும் பாருங்க" என்றேன்.

அவள் போய் அவித்துக்கொண்டு வந்தாள். சொதி, சம்பல். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "முதல்ல நான்" என்று ஒன்றை எடுத்து மென்று விழுங்கிக் காட்டினாள். பிறகு நான் தின்றேன்.

மற்றவர்களுக்கு அது வெறும் காலைச் சாப்பாடு. எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் மணிக்கூட்டில் ஓடவில்லை, தொண்டையில் ஓடியது. தேங்காய்ப்பால் வாசம் மேலே வந்தது. கால் தானாகப் பின்வாசல் பக்கம் திரும்பியது. அவள் எதிரே கதிரையைப் போட்டு, பொலிஸ்காரிபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

"ஒழும்பினியெண்டா கால முறிப்பன்" என்றாள்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அக்கா, என்னைக் காவல் காத்த களைப்பில், தட்டில் மிஞ்சியதிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பழக்கதோஷம். பிறகு இன்னொரு துண்டு. எல்லோரும் பார்த்தோம். அவளுக்குத்தான் தெரியவில்லை.

"அக்கா, பாத்து. மருந்து" என்றாள் என் சிநேகிதி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

அக்காவின் வாய் நின்றது. மகள் முதலில் சிரித்தாள். அக்கா துப்பவில்லை, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கினாள். விழுங்கிவிட்டு அழத் தொடங்கினாள். அந்த மணித்தியாலம் முடியும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

அன்று பின்னேரம் அரிசி வாளிக்குள் ஒளித்திருந்த குளிசைகளைக் கணவரிடம் கொடுத்தேன். அடுத்த கிழமை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் அக்கா எனக்குப் பக்கத்தில் வரிசையில் இருந்தாள். குளிசையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இரண்டு முறை பழையபடி விழுந்தேன். ஒவ்வொரு முறையும் என் சிநேகிதியிடம் போய்ச் சொன்னேன். அவள் கதிரையை எடுத்து எதிரே போட்டாள், அவ்வளவுதான்.

தகரச் சத்தம் இப்போது திரும்ப வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடைக்காரரும் எடுக்கிறார். ஆனால் இன்றும் அவள் என் வாசலில் பார்சலைப் பிரித்து, ஒன்றைத் தன் வாயில் போட்டு மென்ற பிறகுதான் எனக்கு நீட்டுகிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பழகிப்போச்சுகா" என்கிறாள். நான் மெல்ல மெல்லச் சுகமாகி வருகிறேன். ஆனால் அவள் அந்த ஒரு வாயை மென்று முடிக்கும்வரை வாசலில் காத்து நிற்கிற நேரத்தில், அன்று நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை அவள் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு ஒவ்வொரு காலையும் விளங்குகிறது.