பூ வைக்கக் கூடாத நாள்

அண்ணியை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரத்தை வளைத்துச் செருகுவாளே, அந்தக் காலை நேரம்தான் வருகிறது. பர்மாவில், தின்கன்ஜூனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. மழைக்கால மங்கலில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அவளுக்கு அது தேவையும் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும், அரிசி விலை ஏறி வெறும் கஞ்சியைக் குடித்த நாளானாலும் பூ மட்டும் தவறாது. "சோத்துக்கு இல்லாட்டியும் சொகுசுக்குக் குறைச்சல் இல்ல" என்று நான் கேலி செய்வேன். பின்னைக் கடித்தபடியே சிரிப்பாள்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அந்தக் கேலியை நிறுத்திவிட்டேன். அவன் அரசாங்க ஆபீசில் எழுத்தர். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வேலைக்கு வரமாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன். வாயில்லாப் பூச்சி. வாழ்நாளில் அவன் செய்த ஒரே கலகம் ஆபீசுக்குப் போகாததுதான். அதற்கே வந்துவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கை கழுவக்கூட விடவில்லை. அதன்பின் எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படியொரு ஆளே இல்லை என்றார்கள். சிறைவாசலிலும் அதே பதில். அந்த நாட்களில் சில வீடுகளுக்குக் காலையில் போன் வரும், வந்து உடலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. எங்கள் போன் அடித்தால் நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அடித்து ஓய்ந்த பிறகு நம்பரைப் பார்ப்போம். தெரிந்த நம்பர் என்றால் திருப்பிக் கூப்பிடுவோம்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. தாகேதாவிலிருந்து எங்கள் பெரியம்மா ஒருநாள் வந்தாள். நல்லவள்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஆத்மா அலையப்படாது பாரு. ஒரு எள்ளும் தண்ணியும் எறைச்சுட்டா அவனுக்கும் நல்லது, நமக்கும் நிம்மதி" என்று அண்ணியின் காதுபடவே சொன்னாள். அண்ணி எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். மறுநாள் ஒரு சரத்துக்கு இரண்டு சரமாக வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பூவை எடுத்தால் புருஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் சனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது அவள் தலையில் இருந்த முழப் பூ மட்டும்தான். மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். நானும் நாலெழுத்துப் படித்தவள். இருந்தாலும் அந்தப் பூவைப் பார்த்தால்தான் காலையில் எனக்குச் சோறு இறங்கும்.

ராணுவம் ஆட்சியைப் பறித்துச் சிறையில் அடைத்திருந்த தலைவியின் பிறந்தநாள் வந்தது. அந்த அம்மாள் எப்போதும் தலையில் பூவோடு இருப்பவர். அதனால் அன்று பெண்கள் எல்லோரும் பூ வைத்துக்கொள்ள வேண்டும் என்று போனுக்குப் போன் செய்தி பரவியது. இத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் பூவுக்குப் பயந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் எங்கள் வார்டு தலைவர் வீடு வீடாக ஏறி வந்தார். லூஜி, அதாவது பெரிய மனிதர் என்றுதான் பர்மிய மொழியில் அவரைச் சொல்வோம். அண்ணியின் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு எந்தத் தலையிலயும் பூ இருக்கப்படாது. இருந்தா என்கிட்ட வந்து அழாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

காலையில் அண்ணி ஈரத்துணியைப் பிரித்துச் சரத்தை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் ஊரோட ஒத்துப்போவோம். தலைக்கு வந்தது பூவோட போகட்டும்."

"பூவோட போறது என் தலை இல்லடி. உங்க அண்ணன் உசிரு."

"ஒரே ஒரு நாள்தானே?"

"பர்மாக்காரிகளுக்கு இது ஒரு நாள் பூ. எனக்கு அப்படியா?" என்றாள். அவள் சொன்னதைத்தான் நானும் நம்பினேன்.

தாமுவே சந்தையில் பெண்கள் கட்டும் தமெயின் துணி விற்கிற கடை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அன்று பூக்காரிகள் கடையே போடவில்லை. சந்தை முழுக்க மொட்டைத் தலைகளாக எனக்குத் தோன்றியது. அண்ணி நடந்து வர வர, இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. பக்கத்துக் கடை பர்மிய அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞீமா, என் தங்கச்சி இல்லையா நீ? கழட்டிப் பையில வச்சுக்கோ. யாரும் பாக்கல" என்று கெஞ்சினாள். யாரும் பார்க்காமலா? எதிரே டீக்கடையில் தினமும் ஒரே டீயை இரண்டு மணி நேரம் குடிக்கிற ஆள் அன்றும் உட்கார்ந்திருந்தான். அவன் தலான், ஆள்காட்டி. சந்தைக்கே தெரியும். சிறிது நேரத்தில் அவன் நாற்காலி காலியாக இருந்தது.

இரண்டு சிப்பாய்களோடு ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு. அதட்டக்கூட இல்லை.

"இந்தப் பூ யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

அத்தோடு நிறுத்தியிருந்தால், இந்தியக்காரி, அவர்கள் வழக்கம் என்று விட்டிருப்பார்களோ என்னவோ. நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன்.

"அவர் எங்கே?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். என்கிட்ட கேட்டா?"

ஒரு சிப்பாய் சரத்தைப் பிடித்து இழுத்தான். முடியோடு சேர்ந்து வந்தது. வண்டியில் ஏறும்வரை அண்ணி வெறும் கொண்டையைக் கையால் பொத்திக்கொண்டே போனாள். கலகம் தூண்டியதாகச் சொல்லி மூன்று வருஷம் போட்டார்கள்.

அடுத்த புத்தாண்டுப் பொது மன்னிப்பில் அண்ணன் வீட்டுக்கு வந்தான். வேறு ஊர்ச் சிறையில் இருந்திருக்கிறான். மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, பல் இரண்டு போயிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "அவ எங்க?" என்றான். நான் சொன்னேன். நீ உயிரோடு இருப்பதாகச் சொன்னதற்காக உள்ளே இருக்கிறாள் என்று ஒருவனிடம் சொல்வதைவிட, அவன் செத்துவிட்டான் என்று போன் வந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. பாவி, அப்படியும் நினைத்தேன்.

அவளைப் பார்க்க யாரையும் விடுவதில்லை. கடிதமும் கிடையாது. விடுதலையானவன் சிறைப்பக்கம் போகக் கூடாது என்று அவனுக்கு வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதையும் குத்திக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒருநாள் அண்ணன் என்னை அடுப்பிலிருந்து நகர்த்திவிட்டு, காய்ந்த இறால் தூளைப் பூண்டோடு பொரிக்கிற பலாச்சாங்கை அவனே செய்தான். அவன் செய்தால் பூண்டு கருகும். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அதைச் சொல்லித் திட்டாத நாளில்லை. "கசக்குதுன்னு துப்புவா. அப்புறம் புரிஞ்சுக்குவா" என்றான். சிறையிலிருந்து வந்தபின் அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்து தமெயின் புரட்டுவதுபோல நின்றாள். சிறையில் அண்ணி இருக்கும் கூடத்திலிருந்து விடுதலையானவள். துணியைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தப் பொட்டலத்தில் ஒரு வாய் வைத்ததும் அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாளாம், பிறகு சிரித்தாளாம். கேட்டவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, முற்றத்துச் சுவரோரம் முளைத்திருந்த ஏதோ களைச்செடியின் பூவைப் பறித்துக் கொண்டையில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாளாம். அதற்காக அவளை இருட்டறையில் தனியாகப் போட்டார்கள். இந்தப் பெண் வெளியே வரும்வரை அண்ணி திரும்பிக் கூடத்துக்கு வரவில்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் வருவதில்லை. பொட்டலத்துக்கு நான்தான் பொரிக்கிறேன். பூண்டு கருகாமல் பார்த்துக்கொள்கிறேன்.