தொட்டியில் கலக்கிய நீலம்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் போங்கள். பேயைக் காட்டிப் பிழைக்க வேண்டிய நிலை எனக்கு இல்லை. நான் குழாய் வேலைக்காரன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யார் எதைச் சொன்னாலும் முதலில் பொய் என்றுதான் நினைப்பேன். நான் கண்ணால் பார்த்தது இது.

கரையிலிருந்து படகில் போனால் ஒரு சின்னத் தீவு. கோடையில் உல்லாசப் பயணிகள் ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். அங்கே பழங்காலத்துக் கல் விடுதி ஒன்று உண்டு. காற்றுக் காலத்தில் அதை மூடிவிடுவார்கள். காவலுக்கு என் மருமகனும் மகளும் கைக்குழந்தையும் மட்டும் பின்கட்டில் இருப்பார்கள்.

புதிதாக விடுதியை வாங்கிய முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணிய படகுல கொண்டுபோய் ரொப்புறேன். ஆளே இல்லாத விடுதியில தொட்டி காலியாகுது. உங்க மருமகன் திருட்டுத்தனமா ரூமை வாடகைக்கு விடுறான். குழாய்ல ஒழுக்குன்னு காட்டுங்க, விட்டுடுறேன். இல்லன்னா அவன் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

எனக்கும் மருமகன் மேல்தான் சந்தேகம். போனதும் நேராகவே கேட்டேன்.

"மாப்பிள்ளை, யாரைக் கூட்டியாந்து குளிக்க வைக்கிறீங்க?"

"சோப்பு வாங்கவே வக்கில்ல மாமா. இதுல நான் ஊரையே குளிப்பாட்டுறேனா?"

"இவரே குளிச்சு மூணு நாளாச்சுப்பா" என்றாள் மகள்.

நான் சிரிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒழுக்கு பிடிபடாவிட்டால் தொட்டியில் சாயம் கலப்போம். தண்ணீர் எங்கே போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். பின்கட்டுக்குப் போகும் குழாயை அடைத்தேன். மூவரையும் படகுத்துறைக்கு அனுப்பினேன். விடுதியை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்சுவரை ஒட்டிய சாக்கடையருகே உட்கார்ந்தேன்.

பட்டப்பகல். மணி மூன்று பத்து.

சளக்...

சுவருக்குள்ளிருந்து சத்தம். யாரோ தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதுபோல.

சளக்... சளக்...

சாக்கடையில் தண்ணீர் வந்தது. நீலத் தண்ணீர். மேலே சோப்பு நுரை. நுரையில் சுருண்ட நரைமுடி. அதன் பின்னால் நீளமான கருமுடி. பிறகு பூ மாதிரி மெல்லிய குழந்தை முடி...

விரலை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

'மாட்டினார் மாப்பிள்ளை' என்று ஓடிப்போய் முன்கதவைத் திறந்தேன். குளியலறை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. குழாய்களில் சிலந்தி வலை கூடக் கலையவில்லை.

திரும்பினேன்.

நடை முழுக்க ஈரக் கால்தடங்கள். நீலத் தடங்கள். பெரியவை, சின்னவை. பின்சுவரில் தொடங்கியிருந்தன. அங்கே கதவு கிடையாது. குழாயும் கிடையாது.

எல்லாத் தடங்களும் போனது முன்வாசலுக்கு.

நான் திறந்துவிட்ட வாசலுக்கு.

வெளியே மணலிலும் ஈரம். படகுத்துறை வரைக்கும்...

ஓடினேன்.

மகள் எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மடியிலதான்ப்பா தூங்கிட்டிருந்தான்... தலை எப்படி நனைஞ்சுது?"

குழந்தையின் உச்சியிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டியது.

சோப்பு வாசனை அடித்தது.

அடுத்த படகிலேயே மூவரையும் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். முதலாளி முன்னால் சாவியை வைத்தேன். "ஒழுக்கும் இல்ல, திருட்டும் இல்ல. உங்க வேலையும் வேணாம்." மருமகனுக்கு வீடும் சம்பளமும் ஒரே நாளில் போயின.

பிறகு படகோட்டியை மடக்கிக் கேட்டேன். பரம்பரையாக அந்தத் துறையில் படகு விடுகிறவர் அவர். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

"அது முன்னால விடுதி இல்லண்ணே. கப்பல்ல நோயோட வர்றவங்களை அடைச்சு வைக்கிற இடம். குளிச்சுட்டு வந்தாத்தான் கரைக்குப் போற படகுல ஏத்துவாங்க. ஒரு வருஷம் நோய்க்குப் பயந்து யாரும் படகே விடல. மாசக்கணக்காச்சு. கடைசியில எங்க பாட்டனார்தான் போனாராம். துறையில எல்லாரும் வரிசையா உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தாங்களாம். வெறும் எலும்பும் தோலும்..."

நான் விடவில்லை.

"சொல்லுங்க."

"தலை மட்டும் எல்லாருக்கும் ஈரமா இருந்துச்சாம்."