முதல் வெப்சைட் யாருடையது?

மூடிப்போன வெப்சைட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிற தொழிலில், கிடைத்தால் மெஷின் கெட்டிக்காரன், கிடைக்காவிட்டால் கடைக்காரன் திருடன்.

கடை வைத்து, பேரம் பேசித் தொண்டை வறண்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். என் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஜெராக்ஸ், பட்டா மனு, பரீட்சை ரிசல்ட் என்று பிழைப்பு ஓடினாலும், பழைய வெப்சைட் தேடுவது என் தனிச்சரக்கு. வெளிநாட்டில் ஒரு காப்பகம் இருக்கிறது. அதன் மெஷின்கள் உலகத்து வெப்சைட்டுகளுக்குள் ஓயாமல் புகுந்து புறப்பட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கு இருந்த கோலத்திலேயே நகல் எடுத்து வைக்கின்றன. பழைய முகவரியை அடித்தால் செத்துப்போன பக்கம்கூட எழுந்து வந்து நிற்கும். யார் வேண்டுமானாலும் இனாமாகப் பார்க்கலாம். இதை நான் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு எதிர்க்கடை ஏழுமலை. அவன் கடையில் ஏசி, கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி. அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறான்: ‘கள்ளக்குறிச்சியின் முதல் வெப்சைட் செய்தவர்’. தினமும் அந்த ‘முதல்’ முகத்தில்தான் நான் ஷட்டரைத் தூக்குகிறேன். முதலில் செய்தது நான். எட்டாவதோடு நின்றவன், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தரை துடைத்துக்கொண்டே தொழிலைக் கற்று, ஊர்க் கடைகளையெல்லாம் சேர்த்து ஒரு வெப்சைட் போட்டேன். அது மூடிப்போய் வெகுகாலம் ஆகிறது. வீட்டில் வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கை ஒரு மழைநாளில் இடி தின்றுவிட்டது. காட்டச் சொன்னால் காட்ட ஒன்றுமில்லை.

காப்பகத்திலும் என் முகவரியை அடித்துப் பார்த்தாயிற்று. இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வரும். இல்லை என்கிறது என்று மூடிவிடுவேன். உடனே ஏழுமலை முகவரியை அடிப்பேன். அவனை நகல் எடுத்த நாளெல்லாம் காலண்டரில் புள்ளி வைத்து நிற்கும், அம்மை போட்ட முகம் மாதிரி. வயிறு எரியும். ஒரு புள்ளியைக்கூடத் தொட்டுத் திறந்ததில்லை. திறந்தால் அவன் கடை வாசலை மிதித்த மாதிரி.

வாசலில் நிற்கும் தம்பி

சங்கராபுரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர், மண்டபத்தின் பழைய வெப்சைட் வேண்டும் என்று வந்தார். நல்லவேளையாகக் கிடைத்தது. திறப்பு விழாப் படத்தில் அவரும் தம்பியும் மண்டப வாசலில் பட்டு வேட்டியில் தோள்மேல் கை போட்டு நிற்கிறார்கள். பார்த்த மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. “தம்பிய எடுத்துட்டு மிச்சத்தக் குடு” என்றார். காப்பகத்தில் இருப்பதை யாராலும் மாற்ற முடியாது, பிரிண்டில் வேண்டுமானால் மறைக்கிறேன் என்றேன். “பிரிண்டுல மறைச்சி இன்னா பண்றது? அங்க இருப்பான் இல்ல?” என்றார்.

நானும் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். தெரு வேடிக்கை பார்த்தது. கடைசியில் படமே வேண்டாம் என்று எழுந்தவர், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ஸ்கிரீனை விரலால் குத்திக்கொண்டே கேட்டார்: “பாகம் பிரிச்சி அவன் பங்க அவனாண்ட குடுத்தாச்சி. இன்னும் என் மண்டபத்து வாசல்ல இன்னாத்துக்கு நின்னுகினு கீறான்?”

கட்டத்துக்குள் பாடகர் குழு

இந்தக் காப்பகத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. எழுத்து வரும், சில பக்கங்களில் படம் வராது. குழுவின் பழைய பக்கத்தைக் கேட்டு வந்த, வடக்கனந்தல் பக்கத்து சர்ச்சின் பாடகர் குழுத் தலைவருக்கு அப்படித்தான் ஆயிற்று. வரிசையாக வெள்ளைக் கட்டங்கள், கட்டத்துக்குக் கீழே ஆள் பெயர். பாதிக் கூலிதான் தருவார் என்று நான் சண்டைக்குத் தயாராகி முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். முழுக் கூலியையும் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க குழு இவ்ளோ ஒழுங்கா நின்னு நான் பாத்ததே இல்லீங்க.”

வெள்ளிமலைப் பாறை

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் அலமேலு என்று ஒரு பெண். பெண்கள் குழுவுக்காகச் சாமை, தேன், கடுக்காய் விற்க ஒரு இலவச வெப்சைட் வைத்திருந்தது. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டப்போகிறது என்று சேதி. அது அழிவதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் காப்பகத்தில் ஏற்ற வேண்டும். தனிச்சரக்கு என்றேனே, மலையேறிப் போனேன். ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறை மேல்தான். அதன்மேல் உட்கார்ந்து ஒரு பக்கம் ஏற்றினால், அடுத்த பக்கத்துக்குக் காற்று திரும்பக் காத்திருக்க வேண்டும்.

அங்கே பார்த்தால், அலமேலுவின் பக்கங்களில் பாதியை அந்த மெஷின் தானாகவே வந்து நகல் எடுத்து வைத்திருக்கிறது! பஸ்ஸே முக்கி முனகி ஏறுகிற மலைக்கு அது வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என்னிடம் வரவில்லை. எரிச்சலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “உங்க அட்ரஸப் போடுங்கண்ணா, பாப்போம்” என்றது அலமேலு. போட்டேன். வழக்கமான இங்கிலீஷ் வரி. காலேஜ் படித்த பெண் அல்லவா, நிதானமாகப் படித்தது. “பக்கம் இல்லேன்னு சொல்லலீங்கண்ணா. மெஷின உள்ள விடாதீங்கன்னு வெப்சைட்காரரே சொல்லிட்டாராம்.”

பாறை சுட்டது. ஞாபகம் வந்துவிட்டது. ஏழுமலை மெஷின் வைத்து என் பக்கத்தை மொத்தமாக உருவிவிடுவான் என்ற பயத்தில், எந்த மெஷினும் நுழையக் கூடாது என்று ஒரு சின்ன ஃபைல் எழுதி என் வெப்சைட்டின் வாசலில் வைத்தவன் நான்தான். காப்பகத்து மெஷின் மரியாதைக்காரன். வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். நான் அவசரமாக முகவரியை அழித்ததைப் பார்த்து அலமேலு பரிதாபமாகக் கேட்டது: “யாருங்கண்ணா அந்த வெப்சைட்காரரு? உங்களுக்கு வேண்டாதவருங்களா?”

எதிர்க்கடைக்காரன் வாடிக்கையாளன்

மலையிலிருந்து இறங்கிய சூடு தணிவதற்குள் ஏழுமலையே என் கடைக்கு வந்தான். சங்கராபுரத்தில் கிளை திறக்கிறானாம். திறப்பு விழா பேனரில் அவனுடைய முதல் வெப்சைட்டைப் பெரிதாகப் போட வேண்டுமாம். “ஒண்ணே ஒண்ணுதான் தனசேகரு, பழைய அட்ரஸு மறந்துபோச்சி” என்றான்.

அவன் மறந்துவிட்டான். எனக்கு மனப்பாடம். நான் யோசிப்பதற்கு முன்னால் விரல் அடித்துவிட்டது. “ஒனக்கு எப்டிய்யா தெரியும்?” என்றான். “தொழில்” என்றேன்.

முதல் புள்ளியைத் தொட்டேன். பச்சைத் தரை, ஓடும் சிவப்பு எழுத்து, மூலையில் மினுக்மினுக்கென்று ஒரு குத்துவிளக்கு. அந்த விளக்கை வரைந்தவன் நான். கடைகள் வரிசையைப் பார்த்தேன். அன்றைக்கு என் வெப்சைட்டில் அவசரத்தில் நான் ஒரு டீக்கடையை இரண்டு தடவை அடித்திருந்தேன். அவன் பக்கத்திலும் டீக்கடை இரண்டு தடவை. பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற, மெஷினுக்கு மட்டும் தெரிகிற எழுத்தைத் திறந்தேன். அடியில், நான் எழுதினபடியே: ‘ஆக்கம்: கோ. தனசேகர், கள்ளக்குறிச்சி.’ அப்படியே அள்ளிக்கொண்டு போனவன், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

“ஒனக்குப் பயந்துதான்யா பூட்டே போட்டேன்!” என்று கத்தினேன். “பூட்டு மெஷினுக்குத்தான? நான் மனுசன். தொறந்தேன், சேவ் பண்ணிக்கினேன்” என்றான், வெட்கமே இல்லாமல். போர்டை இறக்கு என்றேன். கீழே உன் பெயரையும் போடுகிறேன் என்றான். முடியாது என்றேன். ‘முதல்’ என்பதை மட்டும் சின்ன எழுத்தாக்கிக்கொள்கிறேன் என்றான். மேஜையைத் தட்டியதில் டீ கிளாஸ் உருண்டது. கடைசியில், ‘முதல்’ மேல் பெயிண்ட் அடிப்பது, நான் ஊரெல்லாம் சொல்லிச் சந்தி சிரிக்க வைக்காமல் இருப்பது என்று முடிந்தது. எழுந்து போனவன் வாசலில் நின்று சிரித்தான்: “அழிச்சிடறேன். ஆனா ஒண்ணு யோசிச்சிப் பாரு தனசேகரு, அன்னிக்கி நான் மட்டும் திருடலைன்னா, நீதான் செஞ்சேன்னு காட்டறதுக்கு இன்னிக்கி ஒன்னாண்ட இன்னா இருக்குது?”

இத்தனை வருஷமாக யார் நாசமாகப் போக வேண்டும் என்று வயிறெரிந்தேனோ, அவன் பக்கம் மட்டும் அழியாமல் இருக்க வேண்டுமே என்று இப்போது தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.