காலையில் கல்கத்தா

கல்யாணமான புதிதில் கல்கத்தா எனக்கு மூன்று ராத்திரி தூரம். என் கணவர் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆளாகக் கல்கத்தாவில் இருந்தார். அவரை ரயிலேற்றிவிட்டு ஆமத்தூருக்குத் திரும்பினால், சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் மனசு அந்த வண்டியோடுதான் ஓடும். இந்நேரம் மெட்ராஸ் தாண்டியிருப்பார், இந்நேரம் கோதாவரிப் பாலம் வந்திருக்கும் என்று.

ஒரு வருஷம் ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். தீபாவளிப் பட்டாசு சீசன் நேரம். கல்கத்தாவுக்குப் போன லோடு வழியில் எங்கோ நின்றுபோனது. அது வந்து, ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் அவர் கிளம்ப முடியாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், லோடு இன்னும் வரவில்லை என்று தந்தி வந்தது. இனி ரயிலேறினாலும் முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியாது. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அண்ணன் போடுகிற மச்சினன் மாலையைச் சித்தப்பா மகன் போடட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். நாத்தனார் மருதாணிக் கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் பந்தலில் பெட்ரோமாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிற்கும் பக்கமிருந்து ஒருவர் கையில் அட்டைப்பெட்டியோடு வந்தார். நடையைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"எப்பக் கெளம்புனீக?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில!" என்று கத்தினார்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. காது அடைத்துப்போனதில், தான் கத்துவது அவருக்கே தெரியவில்லை. விமானத்தில் கொடுத்த பஞ்சு இன்னும் காதில் இருந்தது.

தந்தி கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே லோடு வந்துவிட்டதாம். ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துக் கொடுத்து முடித்தாராம். முதலாளிதான் விமானத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸுக்கு நாலு மணி நேரம். அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு விமானம். அப்புறம் பஸ்.

"ஏலே, வெளையாடாத. கல்கத்தா என்ன சாத்தூரா?" என்றார் மாமனார்.

இவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே சந்தேஷ். பாலைத் திரித்துச் செய்கிற வங்காளத்து இனிப்பு. ரயிலில் கொண்டுவந்தால் பாதி வழியிலேயே புளித்துவிடும் என்று அதுவரை எங்கள் கண்ணிலேயே காட்டாத பண்டம். மாமனார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"பால் வாசம் அப்பிடியே இருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நாத்தனார் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "மேலருந்து பாத்தா கோதாவரி தெரிஞ்சுச்சாண்ணே?"

"தெரிஞ்சுச்சுத்தா. ரயிலு அந்தப் பாலத்தத் தாண்டுறதுக்குள்ள வெத்தல போட்டு முடிச்சிரலாம். இன்னைக்கு ஒரு பெப்பர்மிண்ட வாயில போட்டேன். அது கரையறதுக்குள்ள அம்புட்டு ஆறும் பின்னால போயிருச்சு."

"பயமா இல்லையா?"

"பயமா? பயப்படக்கூட நேரம் குடுக்கலயே!"

மறுநாள் மச்சினன் மாலையை அவரே போட்டார். தாலி கட்டி முடிந்ததும் பாதிக் கூட்டம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டது. நாரணாபுரத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று விடியும்போது கங்கைக்கரையில் இருந்த மனுஷர் இதோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார் என்று நினைத்ததும் இலை போடுவதை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பரிமாற வந்தவர்கள் சோற்று வாளியோடு எனக்குப் பின்னால் காத்து நின்றார்கள்.